பதில் வராத கட்டளை

தங்கை ஆவணப்பட எடிட்டர். அக்கா டிரைவர் எழுதுகிறவள். அதாவது, கம்ப்யூட்டர் இடும் கட்டளைகளை டிஸ்க்குகளிடம் கொண்டுசேர்க்கும் நிரல். அவர்களுடைய மாமா மட்டும், மூத்தவள் ஏதோ வண்டி ஓட்டுகிறாள் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் தங்கை போனில் பொரிந்து தள்ளினாள். டிஸ்க்குகளின் நிலையைக் காட்டும் புது மென்பொருளைத் திறந்தால் போதும், அரை நிமிஷத்தில் நான்கு டிஸ்க்கும் மாயமாகிவிடுகின்றனவாம். சாயங்காலம் இயக்குநர் படம் பார்க்க வருகிறார். போதாக்குறைக்கு, டிஸ்க்குகளை இணைக்கும் கார்டு அக்காவின் கம்பெனியுடையது. டிரைவரோ அக்காவே எழுதியது.

அக்கா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஓடினாள். ஜன்னலே இல்லாத எடிட்டிங் அறையில், கேபிள்களை மிதிக்காமல் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தானாகக் குறித்துவைத்திருந்த பதிவுகளைப் புரட்டினாள். டிஸ்க்குகள் மறையுமுன் வந்த கடைசிக் கட்டளை ஒவ்வொரு முறையும் ஒன்றேதான். அவளுடைய டிரைவருக்குத் தெரியாத புதுக் கட்டளை. அது வந்தால் டிரைவர் என்ன செய்கிறது என்று தேடிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கம்மென்று இருந்தது. காத்துக் காத்துப் பார்த்த கம்ப்யூட்டர், கார்டே செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அதை அணைத்து மறுபடி எழுப்பியது. அந்த அணைப்பில்தான் டிஸ்க்குகள் மறைந்தன.

"மாட்டிக்கிச்சுடி," என்றாள் அக்கா. விரல்கள் பரபரத்தன.

முதலில் வெறுமனே பிழை என்று பதில் அனுப்ப வைத்தாள். கம்ப்யூட்டர், டிஸ்க்கில்தான் கோளாறு என்று நினைத்து அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. சரி, காரணத்தையும் சேர்த்துச் சொல்வோம்: டிஸ்க் நன்றாகவே இருக்கிறது, இந்தக் கட்டளைதான் இங்கே கிடையாது. மறுபடி ஓட்டினாள். கம்ப்யூட்டர் ஒரே தடவையில் புரிந்துகொண்டு அடுத்த வேலைக்குப் போனது.

தலைகால் புரியாத மகிழ்ச்சியில், அலுவலகத்தில் 'சந்தேகம்' என்று பெயர் வாங்கிய சக ஊழியரைப் போனில் கூப்பிட்டாள். கட்டளை ஒவ்வொன்றும் ஓர் எண்தான் என்பதால், இருக்கிற எண்கள் அத்தனையையும் அனுப்பி, வேறெதுவும் சிக்குகிறதா என்று இப்போதே சோதிக்கப்போவதாகச் சொன்னாள்.

"எந்த டிஸ்க்ல?" என்று கேட்டார் அவர்.

இங்கே மாட்டியிருப்பதில்தான் என்றபடி அவள் பொத்தான்மேல் விரலை வைத்தாள்.

"டிஸ்க்கையே அழிக்கிற கட்டளையும் அதுல வருமேம்மா."

பொத்தான்மேல் இருந்த விரலை வெடுக்கென்று எடுத்தாள். தங்கை இரண்டு வருஷமாக அலைந்து எடுத்த காட்சிகள் அத்தனையும் அந்த நான்கில்தான் இருந்தன.

நான்கையும் கழற்றி மேஜைமேல் வைத்தார்கள். அலமாரியைக் குடைந்து ஒரு காலி டிஸ்க்கைப் பிடித்தார்கள். சோதனை ஓடியது. தெரியாத கட்டளை ஒவ்வொன்றுக்கும் பட் பட்டென்று மறுப்பு வந்தது. எதுவும் சிக்கி நிற்கவில்லை. பழைய டிஸ்க்குகளை மாட்டி, அந்தப் புது மென்பொருளைத் திறந்தார்கள். அரை நிமிஷம் கடந்தது. ஒரு நிமிஷமும் கடந்தது. அந்தப் புதுக் கட்டளை கேட்டது டிஸ்க்கின் வெப்பநிலையை; அந்தக் கட்டத்தில் மட்டும் 'தகவல் இல்லை'. நான்கும் அசையாமல் நின்றன. தங்கை அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்ததில் நாற்காலி சாய்ந்தே போயிற்று.

இயக்குநர் வந்தார், விளக்கை அணைத்தார்கள். டிஸ்க்குகளைக் கண்காணிக்கத்தான் அக்கா பின்வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டாவது காட்சியிலேயே அவற்றை மறந்து படத்தில் மூழ்கிப்போனாள்.