இத்தாலியில் இருப்பவன்

அரசு வக்கீல் கணினித் திரையில் தூக்கிக் காட்டிய மரணச் சுவரொட்டியில் செர்வாவின் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாகப் பிணவறையில் இருப்பவருக்குச் சனிக்கிழமை அடக்கம். அசொக்ரோம் ஊர் முழுக்க ஒட்டிய சுவரொட்டி அது. எங்கிருந்தோ உரித்திருக்கிறார்கள், மூலையில் சுண்ணாம்பு.

“இதுல போட்டிருக்கிற பிள்ளைகள் பேரையும் அவங்க இருக்கிற இடத்தையும் வாசிக்கிறேன், கனம் நீதிபதிகளே. செர்வா, அசொக்ரோம். அனானே, இத்தாலி. நாலு வருஷமா விசாரணையே இல்லாம எங்க சிறையில கிடக்கிறதா சொல்றாங்களே, அதே அனானே. அவரை அப்பவே விட்டுட்டோம்.”

வேறொரு நாட்டில் உட்கார்ந்து, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கெல்லாம் பொதுவாக வழக்குக் கேட்கும் மூன்று நீதிபதிகளும் திரையை நெருங்கிப் பார்த்தார்கள். அவர்கள் நம்பிவிட்டால் வழக்கு முடிந்தது. அண்ணன் அனானே எந்தச் சிறையிலும் இல்லாத கைதியாகிவிடுவான். அப்பா தொடுத்த வழக்கு. அவர் போனபின் செர்வா நடத்துகிறாள்.

அவள் பக்கத்தில் இருந்த பெரியப்பா அம்போஃபோவைப் பார்த்தாள். குடும்பத் தலைவர். சுவரொட்டி அடித்தவர். மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“இது நீங்க பண்ண வேலைதானே?”

“ஜெயிலுன்னு போடச் சொல்றியா? எதிர் வீட்டுச் சாவுக்கு கனடா, கத்தார்னு போட்டிருந்தான்.”

“அதுக்கு இத்தாலியா?”

“லண்டன்னா எவன் நம்புவான்? அவன் படிப்புக்கு இத்தாலிதான் சரி.”

அவர்களுடைய வக்கீல் பெரியப்பாவை எழுப்பிக் கேமராவுக்கு முன்னால் தள்ளினார்.

“உட்காருங்க. வயிறு மட்டும்தான் தெரியுது.”

உட்கார்ந்தார். துக்கத்துக்குச் சுற்றியிருந்த கறுப்புத் துணியைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான் போட்டது பொய்யுங்க.”

“ஏன் போட்டீர்கள்?” என்றார் நடு நீதிபதி.

“வெக்கம்.”

“அவர் சிறையில்தான் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்?”

“மாசா மாசம் போறேனே. கென்கே உருண்டையும் பொரிச்ச மீனும் கொண்டுபோவேன். பாதியை வாசல் காவலர் தின்னுடுவார். போன மாசமும் போனேன். பார்வையாளர் நோட்டுல கையெழுத்து இருக்கும்.”

அரசு வக்கீல் சுவரொட்டியை மடிக்கத் தொடங்கினார்.

செர்வா பெரியப்பாவின் பிடரியையே பார்த்தாள். அனானே பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று நாலு வருஷமாகச் சொன்ன ஆள். திரும்பி வந்து உட்கார்ந்தவர், “என்ன பாக்குறே? மீன் விலை தெரியுமா உனக்கு?” என்றார்.

பார்வையாளர் நோட்டைக் கொண்டுவர வேண்டும், தீர்ப்பு அடுத்த மாதம், அடக்கத்துக்கு மகனை அனுப்ப வேண்டும் என்றது நீதிமன்றம்.

சனிக்கிழமை அனானே வந்தான், ஒரு காவலரோடு ஒரே விலங்கில். பாதி உடம்பாகியிருந்தான்.

“இத்தாலியிலேருந்து எப்பப்பா வந்தே?” என்றாள் எதிர் வீட்டுக்காரி. “கூட யாரு?”

“ஜெயில் காவலர்,” என்றார் பெரியப்பா, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. “ரெண்டு நாற்காலி ஒட்டிப் போடுங்க.”

குழியருகே அனானே மண் அள்ளக் குனிந்தான். விலங்கு காவலரையும் இழுத்துக் குனியவைத்தது. அவர் கையிலும் மண் வந்துவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். பிறகு மறு கையால் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அனானே போடும்வரை காத்திருந்து, தானும் போட்டார்.