வழியனுப்ப வந்தவர்களும் டொரண்டோவின் தூரமும்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாதது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். பூமி உருண்டை என்ற ஒரே துணிச்சலில் பரப்பப்பட்ட பிழை இது. தூரம் என்பது வழியனுப்ப வந்தவர்களைப் பொறுத்தது. கையசைக்க ஒருவர் வந்தால் சற்று நீளும். அவர் அழுதால் இரண்டு மடங்காகும். வழியனுப்ப நாதியில்லாத கம்பெனி அதிகாரிகள் காபி ஆறுவதற்குள் லண்டனில் இறங்குகிறார்கள். அதைத் தங்கள் திறமை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

திருச்சி விமான நிலையத்தில் தூரம் அளப்பது என் வேலை.

ஒரு புதன்கிழமை மங்கையர்க்கரசி அம்மாள் டொரண்டோ போக வந்தார். அங்கே மகளுக்கு வலி கண்டிருந்தது. பிள்ளை பிறப்பதற்குள் அவர் போய்ச் சேர வேண்டும். ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள துறையூரிலிருந்து வேன் நிறைய உறவுகள் கூட வந்திருந்தார்கள். புளிசாதத்தை முடித்துவிட்டுக் கண்ணாடிக் கதவருகே நின்று அழத் தொடங்கியிருந்தார்கள்.

"இப்போதைக்கு ஆறு நாள் ஆகும்மா" என்றேன். "உங்க அண்ணன் விக்கி விக்கி அழறாரு. ஏழுன்னு வச்சுக்குங்க."

"அதுக்குள்ள பிள்ளை தொட்டில்ல கிடக்கும் சார். குறைக்க வழியே இல்லையா?"

"அவங்க கோவிச்சுக்கிட்டுப் போனா குறையும். விதியில இடம் இருக்கு."

அம்மாள் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு அண்ணன் கலியமூர்த்தியிடம் போனார்.

"அண்ணே, அழுதது போதும். எம் பொண்ணு கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர்னு கொண்டாந்தியே, அந்தப் பழத்தட்டுல மேல ஆப்பிள், அடியில பூரா பழைய பேப்பர். நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

அழுகை நின்றது. டொரண்டோ சற்று நகர்ந்து வந்தது.

"பேப்பரா? ஊரே மெச்சின சீருடி அது! உன் வீட்டுப் பந்தியில எனக்கு ரெண்டாந்தரம் பாயசம் வச்சியா நீ?"

"நீ கேட்டது நாலாந்தரம்!"

"வாங்க போவோம்" என்றார் அண்ணி. "அவ பிளேன்ல போறவ. நமக்கு வேன்தான்."

வேன் கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாள் மட்டும் வேன் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படுகிறவர் பார்ப்பது கணக்கில் வராது. விமானம் தேவைப்படவில்லை. மூன்றாம் வாயிலைத் திறந்தேன். எதிரே டொரண்டோ ஆஸ்பத்திரியின் வராந்தா. அம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடந்து போனார். குழந்தை பிறந்தபோது அருகிலேயே இருந்தார். பெண் குழந்தை.

குறைத்த தூரம் இல்லாமல் போய்விடும் என்பதும் பரவலாக நம்பப்படும் ஒரு பிழைதான்.

வெள்ளிக்கிழமை கலியமூர்த்தி என்னைப் போனில் அழைத்தார். வேன் கஜகஸ்தானில் டீக்கு நின்றிருக்கிறதாம். துறையூருக்கு இன்னும் நாலு நாள் இருக்கும் என்று டீக்கடைக்காரர் சொன்னாராம். அங்கே ஆப்பிள் மலிவு. குழந்தைக்கென்று ஒரு தட்டு வாங்கியிருக்கிறார், அடிவரை.