கீழண்டைக் கரை

கீழ்ப்பாத்தியில் வேர் தெரிந்துவிட்டது. ஒரு நாள் மழைக்கே மேல்மண் கரைந்து ஓடிவிட, ஆர்க்கிட் செடிகளின் தடித்த வெள்ளை வேர்கள் வெளியே கிடந்தன. பூவம்மாள் குந்தி உட்கார்ந்து இலைமக்கை இரண்டு கையாலும் அள்ளி அவற்றின்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். போடப் போடத் தூறல் அதையும் கரைத்தது.

"அழுத்தாதே. வேர் மூச்சு விடணும்," என்றார் பின்னால் குடையோடு நின்ற வேதாசலம்.

அவர் காட்டிலாகாவில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். திருத்தணி மலைச்சரிவில் ஓட்டு வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு, உத்தியோக காலத்தில் ஏற்காட்டிலிருந்தும் குடகிலிருந்தும் கொண்டுவந்த செடிகளை வளர்த்தார். சிலவற்றை மரத்தில் கட்டியிருந்தார். சில, கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் நிரப்பிய தொட்டியில் இருந்தன. தரையில் வளர்பவை மட்டும் இந்தக் கீழ்ப்பாத்தியில். இந்த வெயில் ஊரில் இவை வளராது என்று சொன்ன நண்பர்களுக்காகவே வளர்த்தார் என்று அவருடைய மனைவி சொல்வதுண்டு. வெயிலிலிருந்து காப்பாற்றிவிட்டார். யுத்தம் முடிந்து வந்த இந்த ஐப்பசியில் மழைதான் பிடித்துக்கொண்டது. பாத்தியைச் சுற்றிக் கல் அடுக்கி, இடுக்கில் வெட்டிவேர் நட்டு, மேலே ஓலைப் பந்தல் போட்டாயிற்று. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அதையெல்லாம் பார்ப்பதாக இல்லை.

பூவம்மாளின் புருஷன் காலராவில் போனபின் அவள் அண்ணன் கஜபதி வீட்டோடு வந்துவிட்டாள். வேதாசலத்தின் தோட்டத்தில் அரைக்கூலிக்கு வேலை. தோட்டத்தின் கீழண்டைக் கரைக்கு அப்பால், சரிவின் அடியில் இருந்தது அந்த வீடு. கஜபதிக்குக் குழித்தறி, தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. நூலுக்குக் கண்ட்ரோல் வந்து பங்கீடானதிலிருந்து தறி பாதி நாள் சும்மாதான் கிடந்தது. நெசவாளர் சங்கத்து வாசலில் தவம் கிடந்து, இந்த மாதம்தான், நீளவாட்டில் இழை கட்டும் ஒரு பாவுக்கு நூல் கிடைத்திருந்தது. கஞ்சி போட்டுக் காயவைத்து, பாவைத் தறியில் ஏற்றியிருந்தான்.

நேற்றுச் சாப்பிடும்போது அண்ணி தேவகி பானைக்குள் கரண்டியை விட்டபடி சொன்னாள்: "இந்தப் பாவு எறங்கினாத்தான் எதுவும். அதுவரைக்கும் இன்னொரு வாயிக்கு நான் எங்கேந்து போட்றது, நீயே சொல்லு." கோபமாகச் சொல்லவில்லை. பானையிலிருந்து முகத்தை எடுக்காமலேயே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி பூவம்மாள் மறந்திருப்பாள். தட்டில் இருந்ததைத் தின்று முடித்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தாள். விடியும்வரை அந்த 'இன்னொரு வாய்' அவளோடு படுத்திருந்தது.

தூறல் திடீரென்று கனத்தது. மேலே பாறை இடுக்கில் இரைச்சல் கேட்டது. செம்மண் கலந்த தண்ணீர் பந்தல்காலைத் தள்ளிக்கொண்டு பாத்திக்குள் பாய்ந்தது. ஓரத்துச் செடி ஒன்று மண்ணோடு பெயர்ந்து மிதந்தது. வேதாசலம் குடையைப் போட்டுவிட்டு ஓடி அதைப் பிடித்தார். குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு வைத்துக்கொண்டார். அவர் வேட்டியெல்லாம் சேறு.

"கரையை வெட்டிவிடு பூவம்மா! கீழண்டைப் பக்கம்! சீக்கிரம்!"

"அந்தப் பக்கம் எங்க அண்ணன் வூடு இருக்குதுங்க. தறிக்குழி ரொப்பிக்கும். தெக்கால பக்கம் வெட்டிடலாங்களா?"

"அங்கே கிணறு இருக்கு. சேறு விழுந்தா எதைக் குடிக்கறது? தெருவோட போயிடும் தண்ணி, வீட்டுக்குள்ளயா போகப்போறது? வெட்டிட்டு ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

அவள் மண்வெட்டியை எடுத்தாள். கரைமேல் ஏறி நின்றபோது கீழே அண்ணன் வீட்டுக் கூரை தெரிந்தது. மழைக்குள் தறிச்சத்தமும் கேட்டது. டக்கென்று ஒரு ஓசை, சின்ன இடைவெளி, மறுபடி டக். ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். வாயில் வழிந்த மழைத்தண்ணீரைத் துப்பினாள். வெட்டினாள். கரை ஊறியிருந்ததால் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. கை வலிக்கவேயில்லை. ஆறேழு வெட்டில் தண்ணீர் வழி கண்டுபிடித்து, மீதியைத் தானே இடித்துக்கொண்டு இறங்கியது.

பாத்தி வடிந்தது. "போதும், போய்ச் சொல்லு," என்றார் வேதாசலம். பூவம்மாள் உடனே போகவில்லை. சாய்ந்திருந்த பந்தல்காலை நிமிர்த்தினாள். நழுவிய ஓலையை இழுத்துக் கட்டினாள். அவர் சொல்லாமலே ஒரு செடிக்கு மண் அணைத்தாள். அப்போதுதான் தறிச்சத்தம் நின்றிருப்பது காதில் பட்டது. மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினாள்.

கஜபதி குழிக்குள் இடுப்பளவு செந்தண்ணீரில் நின்றிருந்தான். பாவை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்திருந்தான். அது இவ்வளவு அகலம், அவனுக்கு இரண்டே கை. நடுவில் தொய்ந்து சேற்றில் கிடந்தது. கஞ்சி கரைந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தேவகி சொம்பால் மொண்டு மொண்டு வாசலில் கொட்டினாள். கொட்டியது திரும்ப உள்ளே வந்தது.

பூவம்மாள் வாசலில் குறுக்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தெருவுக்குத் திருப்பினாள்.

பாவு தேறவில்லை. அலசிக் காயவைத்துப் பார்த்தார்கள், தொட்ட இடமெல்லாம் அறுந்தது. தேவகி அழுதாள். ஆனால் பக்கத்து வீட்டு ஜெயம்மாளிடம் அவள் பேசியது பூவம்மாளுக்குக் கேட்டது: "மழைய மழைன்னு பாக்காம மம்முட்டியத் தூக்கினு ஓடியாந்தா எங்க நாத்தனாரு. அவ இல்லன்னா செவுரே வுழுந்திருக்கும்." அன்றிலிருந்து அவள் பூவம்மாளுக்கே முதலில் சோறு போட்டாள். "துன்னு, எனக்குப் போதும்," என்று தன் பங்கிலிருந்தும் தள்ளினாள்.

மழை விட்டதும் வேதாசலம் பெயர்ந்த செடிகளை நிழலில் வைத்து, அழுகிய வேர்களைக் கத்தரித்து, மறுபடி நட்டார். ஒன்றுகூடச் சாகவில்லை. இரண்டில் மொட்டுத் தண்டும் தெரிந்தது. சித்தூரிலிருந்து நண்பர்களை அழைக்கப்போவதாக மனைவியிடம் சொன்னார். பூவம்மாளைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் தறி போயிடுச்சாமே, பாவம். அடுத்த மழைக்குள்ள இங்கே நல்லதா ஒரு கல்கட்டு போடணும். அவனை வரச்சொல்லேன்," என்றார். உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

கஜபதி வந்தான். குனிந்து கல் தூக்கிப் பழக்கமில்லாத முதுகு. வேதாசலம் அவனைக் கீழண்டைக்கு அழைத்துப்போய், "இங்கே ஆரம்பி," என்று காட்டிவிட்டு மொட்டுகளைப் பார்க்கப் போனார். அவன் கரையில் இருந்த உடைப்பின் முன் நின்றான். தண்ணீர் இடித்த இடம் வழவழவென்று இருந்தது. அதன் இரு ஓரத்திலும் மண்வெட்டி இறங்கிய தடம், காய்ந்து, தெளிவாக இருந்தது. அங்கிருந்து தன் வீட்டுக் கூரையைப் பார்த்தான். கூடையில் கல் அடுக்கிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தான்.

"நீ வெட்னதா?"

"ஆங். அய்யா வெட்டச் சொன்னாரு."

"சொல்வாரு. அவரு செடி." தடத்தில் விரலை வைத்துப் பார்த்தான். "நான் தறிலதான குந்திகினு இருந்தேன். சத்தம் கேட்டிருக்குமே ஒனக்கு. ஒரு கொரலு குடுத்திருக்கலாமே பூவு."

மழை, இரைச்சல், அய்யா அவசரப்படுத்தினார் என்று எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவள் கூடையில் இன்னொரு கல்லை வைத்தாள்.

அவன் குனிந்து முதல் கல்லை உடைப்பில் வைத்தான்.

பூவம்மாள் கூடையைத் தானே முழங்காலில் ஏற்றி, தலைக்குத் தூக்கி, அவன் பக்கத்தில் கொண்டுபோய் நின்றாள். இறக்க இன்னொரு கை வேண்டும். கஜபதி அடுக்கிய கல்லைத் தட்டிச் சரிபார்த்தான். அடுத்த கல்லுக்காக எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு குவியலுக்குப் போனான். கழுத்து நடுங்க, இரண்டு கையாலும் கூடையின் விளிம்பைப் பிடித்தபடி அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.