தப்பில்லாத கட்டங்கள்

காலை ஆறு மணிக்கு அக்கா போன் செய்வாள். அவள் வீட்டில் ஒரு பேப்பர், என் வீட்டில் ஒரு பேப்பர், இருவருக்கும் சேர்த்து ஒரே குறுக்கெழுத்து. இடமிருந்து வலம் அவளுக்கு, மேலிருந்து கீழ் எனக்கு. அவள் ஸ்கூல் வேனை எடுக்குமுன் முடித்தாக வேண்டும். முடித்ததை வெட்டி நோட்டில் ஒட்டிவைப்பாள். மலை, சிகரம், நாடு என்று வந்தால் என்னை வாயே திறக்க விடமாட்டாள். அவ்வளவு தலைக்கனம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இடமிருந்து வலம் ஏழு. எவரெஸ்ட் உள்ள நாடு, நாலு எழுத்து," என்று இன்று படித்தாள். "ஜப்பான்னு போட்டுட்டேன்."

"அவசரத்துல எழுதிட்ட போல. நேபாளம்னு மாத்திடு," என்று சிரித்தேன்.

மூன்று மாதமாக இதே சிரிப்புதான். ஆப்பிரிக்காவில் இருக்கும் கிளிமஞ்சாரோவைக் கொண்டுபோய் ஆல்ப்ஸில் வைத்தாள். அன்றும் சிரித்து மழுப்பி, சரியானதைச் சொல்லிவிட்டேன். தப்பு என்று சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். உண்மையில், அவளுக்கு ஏதோ ஆகிறது என்று ஒப்புக்கொள்ளப் பயந்தது நான்தான்.

அடுத்த நிமிடமே, "ஏழாவது பாருடி, எவரெஸ்ட் உள்ள நாடு..." என்று மறுபடி ஆரம்பித்தாள்.

"அத்தான்கிட்ட போனைக் குடு."

அத்தான் வந்தார். "அக்காவை டாக்டர்கிட்ட காட்டணும் அத்தான்," என்றேன்.

"போன வாரமே காட்டியாச்சும்மா. மறதி மறதின்னு அவளே புலம்பினா. நான் சும்மா விடுவேனா? குறுக்கெழுத்து நோட்டை எடுத்து டாக்டர் முன்னாடி நீட்டினேன். மூணு மாசத்துல ஒரு கட்டம் தப்பில்ல! அவரே அசந்துட்டார். தாராளமா வேன் ஓட்டலாம்னுட்டார்."



"அதெல்லாம் நான் சொன்ன விடை அத்தான்."

"எதெல்லாம்?"

"எல்லாமே. முதல்ல வேன் சாவியை வாங்கி வைங்க. ஸ்கூலுக்கு நானே பேசிக்கிறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார், பாவி மனுஷர்.

"டாக்டர் சொன்னதும் எனக்கு ஒண்ணுமில்லன்னு நினைச்சுக்கிட்டேன்டி," என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நேத்து பாலத்துக்கிட்ட வேனை நிறுத்திட்டேன். எந்தப் பக்கம் திரும்பணும்னே தெரியல. பின்னாடி பதினாறு பிள்ளைங்களும் ஆன்ட்டி, ஆன்ட்டின்னு கத்துது. அங்க யாருடி எனக்கு விடை சொல்றது?"

மேஜையில் சாவியை வைக்கும் சத்தம் கேட்டது. அழுதுகொண்டே பள்ளிக்கூடத்தின் நம்பரைத் தேடினேன்.