இருபத்து மூன்று பேருக்கும் தெரியாதது

பயிற்சித் தேவை மதிப்பீட்டுப் படிவத்தில் நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தச் சுகாதார நிலையத்தில் இதற்கென்று ஒரு முறை இருந்தது. மூத்த செவிலியர் கெங்கம்மா நிரப்புவார். மற்ற இருபத்திரண்டு பேரும் அதைப் பார்த்து எழுதுவார்கள். கெங்கம்மா எல்லாவற்றுக்கும் ஐந்து போடுவார். முன்பு ஒருத்தி, தடுப்பூசிப் பெட்டியின் வெப்பநிலை 'சரியாகத் தெரியாது' என்று நேர்மையாக எழுதி, விளக்கம் கேட்டு மெமோ வாங்கியிருந்தாள். அதன் பிறகு அங்கே யாருக்கும் எதுவும் தெரியாமல் இருந்ததில்லை.

அன்று கெங்கம்மா கண் பரிசோதனைக்குப் போயிருந்தார். மின்விசிறிக்குக் கீழே இருந்த அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒப்பந்தச் செவிலியரான எல்சி தன் படிவத்தை எழுதினாள். முப்பத்தொன்பது கேள்விகளுக்கு ஐந்து. கடைசிக் கேள்வி, 'வேறு எதில் பயிற்சி தேவை?' அங்கே பேனா நின்றது.

ஒரு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், ஏதோ தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய அமோனியா அவள் பொறுப்பிலிருந்த பகுதித் தெருக்களுக்குள் புகுந்தது. மூச்சிரைப்புக்காரரான அஜீசுன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நர்சம்மா, வெளிய ஓடறதா, உள்ளயே கெடக்கறதா? சொல்லு, நீதான் படிச்சவ."

"ஓடுங்க" என்றாள் எல்சி. ஓடினார்கள், காற்று போன பக்கமாகவே. அஜீசுன்னிசா நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தார். திரும்பி வந்ததும், "நல்லவேள நீ சொன்ன" என்று சேமியாப் பாயசம் கொடுத்தனுப்பினார். எல்சி அந்தப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

'வாயு கசிந்தால் மக்களிடம் என்ன சொல்வது என்று தெரியாது. மதிப்பெண் 1' என்று எழுதி மேசையிலேயே வைத்துவிட்டு, தடுப்பூசி முகாமுக்குக் கிளம்பினாள்.

கெங்கம்மா மேசையில் நிரப்பிய படிவம் இருந்தால் அது கெங்கம்மாவுடையதுதான். எல்லாரும் பார்த்து எழுதினார்கள். போன வருடம் சேர்ந்த ஆன்சி, எல்சியின் பதினான்கு ஆண்டுப் பணி அனுபவத்தையும் சேர்த்தே எழுதினாள். மறுநாள் வந்த கெங்கம்மா, எல்லாரும் எழுதியிருந்தபடியே எழுதினார்.

பத்து நாள் கழித்து, மதிப்பீட்டை நடத்திய நிறுவனத்தின் ஆலோசகர் ரோஷன் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தார். சுகாதார ஆய்வாளர் அருள்பிரகாசம் எல்லாரையும் நிற்க வைத்தார்.

"இன்னாம்மா இது, கூட்டு சேந்து சதியா? நூத்துக்கு நூறு பேருக்குத் தெரியாதுன்னா மேல இன்னா நெனப்பான்?"

"நான் எங்க சார் படிச்சேன்? பாத்துதான் எழுதுனேன்" என்றார் கெங்கம்மா.

"யாரப் பாத்து?"

"எல்லாரையும்தான்."

புதுப் படிவங்கள் வந்தன. இம்முறை கெங்கம்மா தன் நாற்காலியில் இருந்தார். கடைசிக் கேள்வியில் 'வாயுக் கசிவு: 5' என்று எழுதினார். எல்சி மட்டும் கடைசிக் கேள்வியை நிரப்பாமல், பேனாவையும் மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அருள்பிரகாசம் அவள் பின்னால் வந்து நின்றார். "எல்சிம்மா, மார்ச்சுல உன் கான்ட்ராக்ட் முடியுது. ஞாபகம் கீதா?"

எல்சி ஐந்து போட்டாள்.

ரோஷனிடம் இப்போது இரண்டு கட்டுப் படிவங்கள் இருந்தன. ஒன்றைத் தூக்கியெறிய அவருக்கு மனம் வரவில்லை. முதல் கட்டைப் 'பயிற்சிக்கு முன்' என்றும், இரண்டாவதைப் 'பயிற்சிக்குப் பின்' என்றும் பதிந்தார். வாயுக் கசிவில் சராசரி ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஏறியிருந்தது. அவருடைய நிறுவனம் அதுவரை கண்டிராத முன்னேற்றம். இருபத்து மூன்று சான்றிதழ்கள் வந்தன. பயிற்சி நடந்த நாள் என்று, அருள்பிரகாசம் எல்லாரையும் திட்டிய நாள் அச்சிடப்பட்டிருந்தது.

எல்சி அந்த வாரமே தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். பணியில் இருந்தவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

"காத்தோட ஓடுனா அதுவும் கூடவே வரும்மா. வெளிய இருந்தா காத்துக்குக் குறுக்கால போவணும். வூட்ல இருந்தா கதவு, ஜன்னல சாத்திக்கினு ஈரத்துணியால மூக்கப் பொத்திக்கோ. அவ்ளோதான்."

"எங்காளுங்க எல்லாருக்கும் வந்து சொல்லித் தரீங்களா சார்?"

"தாராளமா. ஸ்டாஃபுக்குத் தெரியாது, சொல்லித் தாங்கன்னு ஆபீசுலேந்து ஒரு லெட்டர் மட்டும் வாங்கிக்கினு வா."

கடிதம் கேட்டதும் அருள்பிரகாசம் சிரித்தார். "தெரியாதுன்னு எப்புடிம்மா எழுதறது? அதான் சர்டிபிகேட்டு செவுத்துல தொங்கிகினு கீதே."

"மறந்துபூட்டாங்கன்னு எழுதுங்க சார்."

அவர் சான்றிதழில் இருந்த தேதியைப் பார்த்தார். "மறக்கறதுக்கும் ஒரு ஆறு மாசமாவது ஆவணும்மா. ஒரே வாரத்துல மறந்தா பயிற்சி சரியில்லன்னு ஆயிடும்."

மறுநாள் காலை எல்சி அஜீசுன்னிசா வீட்டிலிருந்து தொடங்கினாள்.

"அக்கா, அன்னிக்கு நான் ஓடச் சொன்னது தப்பு. எனக்கு அப்போ தெரியாது."

அஜீசுன்னிசா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "தெரியாமலா அப்டி கத்திச் சொன்ன?"

"ஆமா."

"இப்போ மட்டும் தெரியுமா?"

"ஃபயர் ஸ்டேஷன்ல கேட்டுக்கினு வந்தேன்."

அஜீசுன்னிசா நன்றி சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இரு, பக்கத்து வூட்டுக்காரிங்களயும் இஸ்துகினு வரேன். இந்த தபா மெதுவா சொல்லு."

மதியம் வரை பதினாறு வீடுகள். தினசரிப் பதிவேட்டில் வாயுக் கசிவு பற்றிப் பேசியதை எழுத இடமில்லை. எழுதினாலும் ஏன் என்று கேட்பார்கள். எல்சி, 'கொசுப்புழு ஆய்வு. பதினாறு வீடுகள். புழு ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.