நைஸ் லேடி

செல்லக்கிளி தன் அம்மா அழகம்மாளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, முதுகோடு ஒட்டிப்போயிருந்த பழஞ்சேலையைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிரித்தாள். விடியற்காலையில்தான் அம்மாவின் மூச்சு நின்றது. படுக்கைப்புண்ணின் நாற்றம் மட்டும் விளாங்குடி வீட்டை விட்டுப் போகவில்லை.

அண்ணன் விருமாண்டி திருநகரிலிருந்து வந்து, மூக்கில் கைக்குட்டையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டான். கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார். கூட வந்திருந்த இன்னொரு வாத்தியார் உள்ளே எட்டிப் பார்த்து, "நைஸ் லேடி" என்றார்.

அந்தச் சொல் செல்லக்கிளிக்கும் தெரியும். "கஞ்சிய நைஸா அரைச்சுக் குடுடி, தொண்டையில எறங்க மாட்டேங்குது" என்று அம்மா கேட்ட சொல்தான்.

துக்கத்துக்கு வந்த விருமாண்டி பாடம் எடுக்க ஆரம்பித்தான். "அந்த வார்த்தையோட பூர்வீகம் தெரியுமா சார்? லத்தீன்ல ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தம். அப்பறம் முட்டாள்னு ஆச்சு. பெறகு கூச்சம், நுணுக்கம்னு உருண்டு பெரண்டு, கடைசியிலதான் நல்ல மனுஷன்னு வந்துச்சு." குரலைத் தணித்தான். "எங்கம்மாவுக்கு அந்த மொத அர்த்தமே கச்சிதம்."

வாத்தியார் மூக்கால் சிரித்தார்.

செல்லக்கிளியின் காதில் அது விழுந்தது. இத்தனை நாள் சீழும் மலமும் அள்ளிய கையால் சேலையின் கடைசி ஒட்டையும் பிரித்தெடுத்தாள்.

குளிப்பாட்டக் கொல்லையில் பெஞ்சு போட்டாயிற்று. தூக்குவதற்காகக் குனிந்த பக்கத்து வீட்டு ராக்கம்மாளைச் செல்லக்கிளி தடுத்தாள்.

"அண்ணே, வாங்க. தூக்கணும்."

"அதான் ஆளுக இருக்காகல்ல, கிளி?"

"பெத்த பிள்ளை நீங்கதான?"

வந்திருந்த சனமெல்லாம் அவனையே பார்த்தது. அவன் வந்து, விரல் நுனியால் அம்மாவின் தோளைத் தொட்டான்.

"அங்க இல்ல. முதுகுக்கு அடியில கைய விடுங்க. இன்னும் உள்ள."

கைக்குட்டை நழுவிக் கீழே விழுந்தது. அவன் முகம் கோணியது. "என்ன கிளி இது... இம்புட்டுப் பெரிய புண்ணா? எனக்குத் தெரியாதே!"

"ஆமாண்ணே. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

பெஞ்சில் கிடத்தியதும் அவன் அடிபம்புக்கு ஓடினான். செல்லக்கிளியே அடித்துக்கொடுத்தாள். முழங்கை வரை சோப்பைத் தேய்த்துக் கழுவினான். மோந்து பார்த்தான். மறுபடியும் தேய்த்தான்.

அவள் பம்பை விட்டுவிட்டு, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து சீயக்காயைக் கரைக்கத் தொடங்கினாள். நுரை வழியும் கைகளை வெறும் குழாய்க்கடியில் நீட்டியபடி அவன் நின்றுகொண்டிருந்தான்.