புல் தூங்கட்டும்

கோல்ஃப் மைதானத்தில் அவளை எல்லோரும் புல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புல்லைப் பராமரிக்கும் பிரிவுக்கு அவள்தான் தலைமை. எங்கே பூச்சி அரிக்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. யாராவது வண்டியைக் குறுக்கே ஓட்டிப் புல்லை நசுக்கினால் அவளுக்கு வயிறு எரியும்.

"நீ கட்டிக்கிட்டது என்னையா, இந்தப் புல்லையா?" என்று கணவன் கேலி செய்வான்.

"புல்லு வெட்ட வெட்ட வளரும். உங்களுக்குச் சொல்லச் சொல்ல ஏறாது" என்பாள் அவள்.

அந்த வருடம் மழை கையை விரித்துவிட்டது. வருடாந்திரப் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியூர் ஆட்டக்காரர்கள் வருவார்கள், மைதானம் பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டாமா? சங்கத்தார் மதிலோரமாக ஒரு புது போர் போட்டார்கள். தண்ணீர் பீறிட்டு வந்தது. புல்லக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில்தான் அவளுடைய தங்கை இருந்தாள். வீட்டின் முன்பக்க அறைகள் இரண்டிலும் குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தாள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் புட்டி கழுவ, துணி அலச, குளிப்பாட்ட என்று நாள் முழுக்கத் தண்ணீரில்தான் அவள் பிழைப்பு. அதற்கெல்லாம் வீட்டுக் கிணறுதான் கதி. போர் போட்ட கொஞ்ச நாளில் அந்தக் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது.

தங்கை போன் செய்தாள். "அக்கா, உங்க போர் வந்ததுலேர்ந்துதான் எங்க கிணறு இப்படி ஆயிடுச்சு."

"ஊரே காய்ஞ்சு கிடக்கு. உன் கிணறு வத்தினதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?"

"உன் புல்லுக்குத் தாகம் எடுத்தா பூமியையே தோண்டுறீங்க. என் பிள்ளைங்களுக்குத் தாகம் எடுத்தா நான் லாரிக்குக் காத்துக் கிடக்கணும். நல்லாருக்கு நியாயம்!"

போனை வைத்துவிட்டாள். அதோடு அக்கா தங்கைக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அந்தச் சமயம் பார்த்துப் புது போரின் மோட்டார் புகைந்துபோய்ப் படுத்துக்கொண்டது. உதிரி பாகம் வந்து சேரும்வரை அந்த வாரம் முழுக்க அது ஓடவில்லை. புல்லக்கா நெருப்பின் மேல் நிற்பதுபோல் தவித்தாள். சரிசெய்து ஓடவிட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

இரண்டொரு நாளில் தங்கையின் கணவன் புல்லக்காவின் வீட்டுக்கு வந்தான். பேருந்து ஓட்டுநர், அதிர்ந்து பேசாத மனிதன். காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நடுவுல ஒரு வாரம் எங்க கிணத்துல நல்லா ஊறிச்சு. அவ எவ்வளவு சந்தோஷப்பட்டா தெரியுமா? இப்ப மறுபடியும் சேறுதான். அந்த வாரம் உங்க மோட்டார் ஓடலைன்னு அப்புறம்தான் கேள்விப்பட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "காப்பகத்த மூடிட்டா. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க."

புல்லக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இனி ஊர் வறட்சி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனாள். சின்னப் பாய்கள் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தன. தொட்டில் கயிறுகள் கொக்கியில் வெறுமனே தொங்கின. தங்கை 'வா' என்றும் சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மைதானத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த மோட்டாரை நிறுத்தினாள். பிறகு நேரே சங்கத் தலைவரின் அறைக்குப் போனாள். அவர் ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர்.

"சார், புது போரை நான் நிறுத்திட்டேன். உங்ககிட்ட கேக்காம செஞ்சது தப்புதான். ஆனா அதை இனிமே ஓட்ட என்னால முடியாது."

விஷயத்தைக் கேட்டவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்க தங்கச்சிங்கிறதால சொல்றீங்களாம்மா?"

"ஆமா சார். அவ என் தங்கச்சியா இல்லாட்டி நான் இதைக் காதுலயே போட்டுக்கிட்டிருக்க மாட்டேன். அதை நினைச்சாத்தான் வெக்கமா இருக்கு. அந்தத் தெருவுல மத்தவங்களுக்கும் கிணறு இருக்கே."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "என்னை வம்புல மாட்டி விடுறீங்க" என்று முனகிவிட்டு நிர்வாகக் குழுவைக் கூட்டினார்.

கூட்டத்தில் ஆளாளுக்கு எகிறினார்கள். புல்லக்கா ஒரே யோசனையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். புது போருக்கு முன்பு பயன்படுத்திவந்த பழைய தொட்டியின் தண்ணீரை, பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள புல்லுக்கும், முதல் அடி அடிக்கிற மேடைகளுக்கும் மட்டும் விடலாம். நடுவே இருக்கிற பரந்த தரை காயட்டும்.

"காய்ஞ்ச தரையில விளையாட இது என்ன மாட்டுச் சந்தையா?" என்றார் ஒரு கார் வியாபாரி.

"அது சாகாது சார், தூங்கும். மழை வந்தா எந்திரிச்சுக்கும். எந்திரிக்கலைன்னா நான் வேலையை விட்டுப் போறேன்."

தலைவர் இந்த ஒரு போட்டிக்கு மட்டும் என்று சொல்லிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். அரை மனதாக ஒத்துக்கொண்டார்கள். கார் வியாபாரி மட்டும் விலகல் கடிதத்தை நீட்டிவிட்டுப் போனார்.

போட்டி நாளன்று மைதானம் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. தான் வளர்த்த புல்லை அந்தக் கோலத்தில் பார்க்கச் சகிக்காமல் புல்லக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கியதும்தான் வேடிக்கை. இறுகிய தரையில் விழுந்த பந்து நிற்கவே மறுத்தது. ஈரப் புல்லில் நாலு எட்டுக்கூட உருளாத பந்துகளெல்லாம் ஓட்டம் பிடித்தன. சங்கத்தில் எல்லோரும் டீச்சர் என்று அழைக்கும் ஒரு வயதான அம்மாள் இருந்தார். பலமாக அடிக்கத் தெம்பில்லாதவர். அன்று அவர் தட்டிய பந்து துள்ளித் துள்ளி ஓடி, குழியில் நட்டிருந்த கொடியையும் தாண்டி, மணல் பள்ளத்தில் போய் விழுந்தது. பள்ளத்தில் விழுந்ததைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

"பாத்தீங்களா, எம்மாந்தூரம்! எங்க வீட்டுக்காரரே இவ்வளவு தூரம் அடிச்சதில்ல!" என்று மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னார்.

முகம் சுளித்துக்கொண்டு கிளம்பியவர்களும் உண்டு. ஆனால் 'அடுத்த வருஷமும் இப்படியே வைங்க' என்று கேட்டவர்கள்தான் அதிகம். அந்தத் தைரியத்தில் தலைவர் இன்னொரு கூட்டம் போட்டார். புது போருக்கு நிரந்தரமாக மூடி போட்டார்கள். சங்கத்துக் குளியலறைகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்திகரித்துப் புல்லுக்கு விடுவதென்றும் முடிவானது. அதற்கு மாதக்கணக்கில் ஆனது. இடையில் இரண்டு குழிகளின் புல் கருகி, திட்டெல்லாம் புல்லக்காவுக்குத்தான் விழுந்தது. பிறகு மழை வந்தது. நடுத்தரைப் புல் அவள் சொன்னபடியே எழுந்துகொண்டது.

தங்கையின் கிணறு அதற்கு முன்பே மெல்ல ஊறத் தொடங்கியிருந்தது. காப்பகத்தைத் திறந்தாள். பாதிக் குழந்தைகள் வேறு இடங்களுக்குப் போய்விட்டிருந்தன, திரும்பி வரவில்லை. அந்த நஷ்டத்தை யாராலும் ஈடுகட்ட முடியவில்லை.

ஒரு விடுமுறை நாளில் புல்லக்கா அங்கே போனாள். முற்றத்தில் தங்கை ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அது வீடே அதிரக் கத்தியது.

"மோட்டார நிறுத்தினதுக்கு உன்னை வேலைய விட்டுத் தூக்கியிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள் தங்கை.

"இங்க வந்து ஆயா வேலை பார்த்திருப்பேன்."

"உன்னையா? பிள்ளைங்க தலைமுடியெல்லாம் ஒரே அளவா வெட்டி விட்டிருப்ப."

புல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. தங்கை ஈரக் குழந்தையை அப்படியே தூக்கி அவளிடம் நீட்டினாள்.

"நிக்காத. துண்டை எடுத்துத் துவட்டு. இன்னும் ரெண்டு பேரு பாக்கி இருக்காங்க."